கணுக்காலில் கொஞ்சம் தொடை

என் இடது கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே, முன்பக்கமாக, என் வலது தொடை கொஞ்சம் இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய துண்டு. தொடையில் முளைக்கிற மாதிரியே அங்கேயும் முடி முளைக்கிறது. நான் எடை போட்டால் அதுவும் போடுகிறது. போன தீபாவளி முடிந்து, சாக்ஸ் ஏறாமல் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: "தொப்பையைச் சட்டை போட்டு மறைச்சிடலாம். இதை எங்க மறைப்பீங்க?"

பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டவன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, செய்தும் இப்படியா என்கிற மாதிரி ஒரு கணம் தயங்குகிறார்கள். மூக்கு, உதடு, நடிகை. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் அவ்வளவுதான் பொருள். ஆனால் திருவொற்றியூரிலோ காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ நாலு தெரு நடந்து கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி ஆன ஆட்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைப்பார்கள். யாருடைய மூக்கும் மாறியிருக்காது. லுங்கியைக் கொஞ்சம் தூக்கினால் தெரியும். புடவைக் கரைக்குக் கீழே தெரியும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, பழைய பம்ப் ஸ்டவ், ஆறாத சர்க்கரைப் புண் என்று காரணங்கள் வேறு வேறாக இருக்கும். போய்ச் சேருகிற வார்டு ஒன்றுதான்.

என் கதை டிரெய்லர். நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். 2018 ஐப்பசி. மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பேப்பர் கொடுத்துவிட்டு எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். தூறல். துறைமுகத்துக்குப் போகிற வரிசை வழக்கம்போல நின்றிருந்தது. அந்தச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், நிற்கிற டிரெய்லர் ஆபத்தில்லை, ஓடுகிறதும் அவ்வளவு இல்லை, திரும்புகிறதுதான் ஆபத்து. முன்சக்கரம் போட்ட வழியில் பின்சக்கரம் வராது. உள்ளே ஒடுங்கி வரும். அந்த உள்பக்கத்தில் நான் இருந்தேன். என் மேல் எதுவும் மோதவில்லை. வண்டி சாய்ந்தது, நான் விழுந்தேன், ஒரு சக்கரம் என் இடது காலைத் தொட்டுக்கொண்டு போனது. தொட்டுக்கொண்டு என்றுதான் அப்போது நினைத்தேன்.

டயர் கத்தி மாதிரி வெட்டாது. தோலைப் பிடித்துத் திருகி இழுக்கும். மேல்தோல் பெரிதாகக் கிழியாமலே அடியிலிருந்து கழன்றுவிடும், கால்மேஜோட்டைக் கழற்றுகிற மாதிரி. தோலுக்கு ரத்தம் கொண்டுவருகிற பொடிக் குழாய்கள் எல்லாம் சதையிலிருந்துதான் மேலேறி வருகின்றன. அவை அறுந்துவிட்டால், மேலே பார்க்க முழுசாக இருக்கிற தோல் உண்மையில் செத்துப்போன தோல். அது செத்தது வெளியே தெரிய இரண்டு மூன்று நாளாகும். டீகிளவிங் என்கிறார்கள். கையுறையைக் கழற்றுவது என்று அர்த்தம்.

இந்த விவரம் எனக்கு ஆறு நாள் தாமதமாகத் தெரிந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போன இடம் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். எலும்பு உடைந்து வெளியே எட்டிப் பார்த்ததை உள்ளே தள்ளி, தோலை இழுத்துப் பிடித்து வரிசையாகத் தைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜாக்கெட் தைக்கிற அக்கா ஒருத்தி பார்க்க வந்து, "நல்லா நெருக்கமாத் தச்சிருக்காங்க" என்று பாராட்டிவிட்டே போனாள். மூன்றாம் நாள் தையலைச் சுற்றிலும் நீலம் படர்ந்தது. நாலாம் நாள் நாவல்பழத் தோல் மாதிரி ஆனது. ஆயின்மென்ட் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஐந்தாம் நாள் அம்மா கட்டுக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தாள். மீன் வாங்கிப் பழகிய மூக்கு அது. ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் மாமாவுக்குப் போன் பண்ணினாள். மறுநாள் காலை அரசு மருத்துவமனை ஒன்றின் எமர்ஜென்சியில் இருந்தேன்.

அங்கே கட்டைப் பிரித்த டூட்டி டாக்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பார்த்தார், விரலால் அழுத்தினார், அழுத்திய இடத்தில் நிறம் மாறவில்லை. "இது போயிடுச்சுண்ணா" என்றார். அந்த "ண்ணா"வில் இருந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

செத்தது எல்லாவற்றையும் வெட்டி எடுத்தார்கள். ஒரு நாள் விட்டு மறுபடியும் வெட்டினார்கள். எலும்பை நேராக நிறுத்த வெளியிலிருந்தே கம்பி அடித்தார்கள், தொலைக்காட்சி ஆண்டெனா மாதிரி. அதற்குப் பிறகு முதல்முறையாகக் குனிந்து பார்த்தபோது காலின் கீழ்ப்பகுதியில் தோலும் இல்லை, சதையும் இல்லை, வெள்ளையாக எலும்பு. சொந்த எலும்பைப் பார்ப்பது பயங்கரமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு என்னமோ கூச்சமாக இருந்தது. யாராவது போர்த்திவிட்டால் தேவலை என்று தோன்றியது. உண்மையில் அதுதான் மருத்துவமும்.

உங்கள் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் கொஞ்சம் உள்புறமாக விரலை வைத்துக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். முட்டியிலிருந்து கணுக்கால் வரை தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற இடம். பின்பக்கம் ஆடுசதை இருக்கிறது. ஆனால் அதுவும் கீழே வர வர தசைநாராக ஒல்லியாகிவிடும். அதனால் ஒரே காலில் மூன்று ஊர் இருக்கிற மாதிரி. மேல் மூன்றில் ஒரு பங்கில் எலும்பு தெரிந்தால் ஆடுசதையில் ஒரு பாதியைப் புரட்டிப் போட்டு மூடலாம். நடுப்பங்குக்கு அதற்கு அடியில் இருக்கிற சோலியஸ் தசை எட்டும். கீழ்ப்பங்குக்கு எதுவும் எட்டாது. கெண்டைக்காலின் தோலைத் தலைகீழாகத் திருப்பி இறக்குகிற ஒரு வழி உண்டு. 1992இல் மஸ்கலே என்கிற பிரெஞ்சு மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் அதை விவரித்து எழுதினார்கள். பெரிய நுண்ணோக்கி இல்லாத ஆஸ்பத்திரிகளில் அது இன்றைக்கும் தெய்வம். ஆனால் எனக்குக் கெண்டைக்கால் தோலும் டயரோடு போயிருந்தது.

"தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டுவாங்களே சார், அதைப் பண்ணலாமே" என்று மாமா கேட்டார். ரிட்டையர்ட் கிரேன் ஆபரேட்டர். எதையும் எங்கிருந்தாவது தூக்கி எங்காவது வைத்துவிடலாம் என்று நம்புகிறவர். ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறையின், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரியின், பெரிய டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கம். அவர் சொன்ன பதில்: "நாத்து நடணும்னா சேறு வேணும். சிமெண்ட் தரையில நட்டா பிடிக்குமா?"

தோல் ஒட்டுக்கும் பிளாப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஒட்டு என்பது சவரக் கத்தி மாதிரி நீளமான ஒரு கத்தியால் தொடையிலிருந்து சீவி எடுக்கிற மெல்லிசான தோல். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குச் சொந்தமாக ரத்தம் கிடையாது. வைத்த இடத்தில் ஊறுகிற நீரைக் குடித்தே முதல் இரண்டு நாள் பிழைத்திருக்கும். அப்புறம் அடியிலிருந்து பொடி ரத்தக் குழாய்கள் உள்ளே ஏறும். ஐந்தாம் நாள் கட்டுப் பிரிக்கும்போது இளஞ்சிவப்பாக இருந்தால் பிடித்துவிட்டது. சதை மேல் பிடிக்கும். உறை உரிந்த வெறும் எலும்பு மேல் பிடிக்காது. எலும்பை மூட வேண்டுமென்றால் தன் ரத்தக் குழாயோடு சேர்ந்து வருகிற கனமான தோல் வேண்டும். அதுதான் பிளாப்.

அம்மாவின் கவலை வேறு. அந்தப் "பிளாஸ்டிக்" என்கிற சொல். காலுக்குள் என்னத்தையோ வைத்துத் தைக்கப் போகிறார்கள், வெயிலில் உருகாதா என்று பக்கத்துப் படுக்கை ஆளிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறாள். பாவம், அவள் கேள்வியில் தப்பில்லை. சொல்தான் தப்பான நேரத்தில் பிரபலமானது. பிளாஸ்டிக் என்றால் கிரேக்கத்தில் பிசைந்து உருக்கொடுப்பது. 1838இலேயே சைஸ் என்கிற ஜெர்மன் மருத்துவர் அந்தப் பெயரைத் தன் நூலின் தலைப்பில் வைத்துவிட்டார். நம் வீட்டுக் குடம், வாளிக்கெல்லாம் மூதாதையான பேக்கலைட் வந்தது அதற்கு எழுபது வருடம் கழித்து. தமிழில் அரசு வைத்திருக்கிற ஒட்டுறுப்பு என்கிற பெயர் நல்ல பெயர்தான், ஆனால் போர்டைத் தவிர வேறு எங்கும் கேட்க முடிவதில்லை.

வந்து பார்த்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் புத்தூர் கட்டு போடச் சொன்னார்கள். எலும்பு முறிந்தால் சென்னையில் இது தவறாமல் வருகிற யோசனை. என் பிரச்சினை எலும்பு இல்லை, எலும்புக்கு மேலே ஒன்றுமில்லாததுதான் பிரச்சினை என்று படுத்துக்கொண்டே எல்லோருக்கும் பாடம் எடுத்தேன்.

காலை எடுத்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்கிற கேள்வியும் நடுவில் வந்தது. அதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் உருவானது. தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றுக்கும் சேதத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை. சர்க்கரை மாதிரி கூடுதல் சிக்கல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17 அல்லது அதற்கு மேல் போனால் எடுப்பதுதான் நல்லது. நடுவில் இருப்பவர்களுக்கு டாக்டரின் அனுபவம்தான் துணை. எனக்கு 11. வாழ்க்கையில் குறைவான மார்க் வாங்கி வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

ஆனால் ஆறு நாள் போய்விட்டிருந்தது. அந்த ஆறு நாளின் விலையை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மார்கோ கோடினா என்று ஒரு மருத்துவர், அப்போதைய யுகோஸ்லாவியாவில் லுப்லியானா நகரத்துக்காரர். 532 பேருக்கு, நுண்ணோக்கியில் பார்த்து பிளாப்பின் ரத்தக் குழாயை இணைக்கிற நுண் அறுவை சிகிச்சை செய்து, எந்த நாளில் மூடினால் என்ன ஆகிறது என்று கணக்கெடுத்தார். 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் பிளாப் தோற்றது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதைத் தாண்டி மூன்று மாதத்துக்குள் மூடியவர்களில் நூற்றுக்கு 12. கட்டுரை 1986இல் வந்தது. அதே வருடம் கோடினா நாற்பத்து மூன்று வயதில் இறந்துபோனார், சாலை விபத்தில். அவர் சொன்ன 72 மணி நேரம் இன்று அப்படியே சட்டம் இல்லை. கருவிகளும் கட்டு முறைகளும் மாறிவிட்டன, புண்ணில் காற்றை உறிஞ்சிச் சுத்தமாக வைத்திருக்கிற வேக் மெஷின் 1990களில் வந்தபிறகு கொஞ்சம் தவணை கிடைத்திருக்கிறது. இருந்தாலும் சீக்கிரம் மூடு என்பது மாறவில்லை. எலும்பு வெளியே தெரிகிற காலோடு எந்த ஆஸ்பத்திரியில் நின்றாலும் கேட்க வேண்டிய கேள்வி, "எலும்பு டாக்டர் இருக்காரா" மட்டுமில்லை, "பிளாஸ்டிக் சர்ஜன் எப்ப பார்ப்பாரு" என்பதும்தான். எங்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், சாக்ஸும் ஏறியிருக்கும்.

காசு பற்றி ஒரு வார்த்தை. சின்ன மருத்துவமனையில் அம்மாவின் வளையல் போனது. இப்போது சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவு ஏற்கிற இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்தது. எனக்கு மூன்று வருடம் பிந்திவிட்டது.

அறுவை சிகிச்சை எட்டரை மணி நேரம். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னது: வலது தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு துண்டு, தோலும் கொழுப்பும் அதன் ரத்தக் குழாயும் சேர்த்து எடுத்து, கணுக்காலில் ஓடுகிற ரத்தக் குழாயோடு இணைத்தார்கள். குழாயின் கனம் கிட்டத்தட்ட சேமியா. தைக்கிற நைலான் நூல் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. "நூல் கீழ விழுந்துட்டா தேடாதீங்க, புதுசு எடுங்கன்னு எங்க சார் சொல்லுவாரு" என்றார் உதவி டாக்டர்.

எனக்குத் தெரிந்தது அதற்கு அப்புறம் வந்த மூன்று ராத்திரிகள். புதுத் துண்டு பிழைக்குமா போகுமா என்பது பெரும்பாலும் அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். ஏசி கிடையாது. குளிர்ந்தால் ரத்தக் குழாய் சுருங்கும். காலுக்கு மேலே ஒரு குண்டு பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது, கோழிக்குஞ்சுப் பெட்டி மாதிரி. மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து விரலால் அழுத்தி, விட்டு, நிறம் திரும்பி வருகிற நேரத்தை எண்ணுவார். சில நேரம் ஊசியால் ஒரு குத்து. சிவப்பாக ரத்தம் எட்டிப் பார்த்தால் நல்லது. கருநீலமாகக் கொட்டினால் உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லை என்று அர்த்தம், உடனே தியேட்டர். குத்தும்போது எனக்கு வலிக்காது, நரம்பு இணைக்கவில்லை. என் காலில் ஊசி இறங்குவதை வேறு யாருக்கோ நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டீ காபி கூடாது. சிகரெட் குடித்தவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. இந்த இரண்டாவது உத்தரவை அமல்படுத்தியவர் வார்டு அட்டெண்டர், கொருக்குப்பேட்டைக்காரர். பார்க்க வருகிறவர்களை வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொல்வார். மாமாவையே திருப்பி அனுப்பினார். "இன்னா நைனா, பத்து டாக்டரு ராவு பகலா தச்சிக்கிறாங்க. நீ ஒரு பீடில ஊதி அணைச்சிடுவ போல கீதே?" நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும் என்கிற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

வலி காலில் இல்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிளாப்பைச் சுற்றி மிச்சமிருந்த சதைக்கு இடது தொடையிலிருந்து மெல்லிய ஒட்டும் எடுத்திருந்தார்கள். எடுத்த இடம்தான் கொன்றது. மேல்தோல் சீவப்பட்டு நரம்பு முனைகள் எல்லாம் காற்றுக்குத் திறந்து கிடக்கிற இடம். ரோட்டில் விழுந்து சிராய்த்த மாதிரி, ஆனால் ஒரு முழ நீளத்துக்கு. அதன் மேல் ஒட்டியிருந்த பஞ்சுத் துணியைப் பிய்க்கக் கூடாது, இரண்டு வாரத்தில் தானாக விழும் என்றார்கள். விழுந்தது. கீழே ரோஜாநிறத்தில் புதுத் தோல். அதுவரை, காலில் அடிபட்டவன் தொடைக்கு அழுதுகொண்டிருந்தேன்.

பக்கத்துப் படுக்கையில் காசிமேட்டு அண்ணன் ஒருவர். விசைப்படகின் வின்ச்சில் கயிறோடு கால் போய்விட்டது. அவருடைய அடிபட்ட காலில் இணைப்பதற்கு நல்ல ரத்தக் குழாய் இல்லை. அதனால் பழைய முறை: நல்ல காலின் கெண்டைத் தோலை ஒரு பக்கம் ஒட்டியபடியே தூக்கி, அடிபட்ட கால் மேல் போர்த்தித் தைத்து, இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிவிடுவது. புதுத் தோல் புது இடத்தில் வேர் பிடிக்கிற வரைக்கும், மூன்று வாரம், அப்படியே கிடக்க வேண்டும். அப்புறம் நடுவில் வெட்டிவிடுவார்கள். 1854இல் அமெரிக்காவில் ஹாமில்டன் என்பவர் செய்தது. நுண்ணோக்கிகள் வந்த பிறகும் ஒழியவில்லை. அண்ணனுக்குப் புரண்டு படுக்க முடியாது, உட்கார முடியாது. "ரெண்டு காலுக்கும் கண்ணாலம் கட்டி வெச்சுட்டாங்க தம்பி. மூணு வாரத்துல விவாகரத்து" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ராத்திரி விளக்கணைத்த பிறகு சத்தமில்லாமல் அழுவார். காலையில் மறுபடி கண்ணாலக் கதை.

பத்தாம் நாள் எனக்குக் காலைத் தொங்கப்போடச் சொன்னார்கள். அதுவரை தலையணைக் குன்றின் மேல் இருந்த கால். ஐந்து நிமிடம்தான், கடிகாரம் பார்த்து. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெல்ல இறக்கினேன். ஒரு நிமிடத்தில் பிளாப் கத்திரிக்காய் நிறமானது. பழக்கமில்லாத குழாய்களில் ரத்தம் இறங்கிவிட்டு ஏறத் தெரியாமல் நின்றது. உள்ளே ஆயிரம் எறும்பு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே தூக்கியதும் மெதுவாக, மிக மெதுவாக, பழைய நிறம் திரும்பியது. மறுநாள் பத்து நிமிடம். அப்புறம் பதினைந்து. குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி ரத்தத்துக்கு இறங்கி ஏறப் பழக்கினோம். நான் நடக்கப் பழகியது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து. எலும்பு ஒன்றுசேர ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டது.

இந்த ஒன்பது மாதமும் எனக்கு வாத்தியார் என் பெரியம்மா. அவள் கால் 1993இல் எரிந்தது. ஸ்டவ் வெடித்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் ஸ்டவ் வெடித்தது. பெரும்பாலும் மருமகள்கள் பக்கத்தில் நிற்கும்போது. பெரியம்மாவின் ஸ்டவ் எப்படி வெடித்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பெரியப்பா இருந்தவரை அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது மட்டும் தெரியும்.

சென்னையில் தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்று வாயில் தானாக வரும். கை துண்டானால் ஸ்டான்லி என்று வருகிற மாதிரி. (ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சையை 1970களில் வளர்த்தெடுத்தவர் மருத்துவர் ஆர். வெங்கடசாமி, துறைமுகமும் பட்டறைகளும் சூழ்ந்த ராயபுரத்தில் அது வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.) உடம்பில் நூற்றுக்கு எவ்வளவு எரிந்தது என்கிற தீக்காயக் கணக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு. தலை 9, கை ஒவ்வொன்றும் 9, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, கால் ஒவ்வொன்றும் 18. மிச்சம் ஒன்று. பெரியம்மாவுக்கு இரண்டு கால்களும் இடுப்பும்; நாற்பதுக்கு அருகில். பிழைத்ததே பெரிது என்றார்கள், அந்தப் பேச்சில் முழங்கால் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி அவள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தாள். பிரியத்தில்தான். காலைக் கொஞ்சம் மடக்கி வைத்தால் வலி குறைந்தது. தீக்காயத்தில் எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலையில்தான் உறுப்பு சுருங்கி இறுகும். ஆறுகிற தழும்பு சும்மா மூடாது. நாலு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டே மூடும், சுருக்குப் பை வாயை இழுக்கிற மாதிரி, ஒரு வருடத்துக்கு மேல். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் கிடக்கிற ஆழமான தீப்புண்ணுக்கு இந்த இழுப்பு அதிகம். அதற்காகத்தான் இப்போதெல்லாம் எரிந்த தோலைத் தானாக உதிரும்வரை விடாமல் முதல் சில நாளிலேயே சீவி எடுத்துவிட்டு ஒட்டுப் போடுகிறார்கள். இதை உலகத்துக்குக் காட்டியவர் சோரா யான்செகோவிச் என்கிற பெண் மருத்துவர். அவருடைய முக்கியமான கட்டுரை 1970இல் வந்தது. அவரும் கோடினாவின் ஊர்ப்பக்கம், இன்றைய ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரம். சென்னையின் ஜனத்தொகையில் பாதிகூட இல்லாத தேசம், எங்கள் வீட்டு இரண்டு கால்களுக்கும் அங்கிருந்துதான் வைத்தியம் வந்திருக்கிறது.

தலையணையின் பலன்: ஆறு மாதத்தில் பெரியம்மாவின் வலது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. தொடையின் பின்பக்கமும் கெண்டைக்காலும் ஒரே தழும்புப் பட்டையாக ஒட்டிக்கொண்டன. எட்டு வருடம் குந்தியும் நிமிர்ந்தும் இல்லாத ஒரு நடை. 2001இல்தான் ஒரு டாக்டர், இதை நீட்டலாமே என்றார். முழங்காலுக்குப் பின்னால் குறுக்கே கீறி, காலை மெல்ல நீட்டினால், கீறல் அரசிலை மாதிரி விரிந்து ஒரு பெரிய பள்ளம் திறக்கும். இவ்வளவு தோல் பற்றாக்குறையாக இருந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்தப் பள்ளத்துக்கு ஒட்டு. அப்புறம் மாதக்கணக்கில் ராத்திரி காலை நீட்டிக் கட்டுகிற பட்டி, பகலெல்லாம் இறுக்கமான அழுத்தக் காலுறை, வெயிலில் அதோடு தண்ணீர் லாரிக்கு வரிசை. "ஆபரேசன் ஒரு நாளு. பட்டி ஒரு வருசம். அதைக் கட்டலேன்னா ஆபரேசன் வேஸ்ட்டு" என்பாள்.

அவளுடைய முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பில் ஒரு இடம் அடிக்கடி வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். போன வருடம் ஆறாமலே கிடந்தது. பல வருடம் கழிந்த தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தால் அது புற்றுநோயாக மாறியிருக்கலாம். மார்ஜோலின் புண் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. நான் ஆஸ்பத்திரி மொழி பேசக் கற்றுக்கொண்டவன் ஆதலால் பயாப்சி எடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒன்றுமில்லை என்று வந்தது. "உன் கால் போனதுல எனக்கு ஒரு டாக்டர் கெடச்சான்" என்றாள் பெரியம்மா.

தெருமுனை பஜ்ஜிக் கடை அக்காவுக்குப் போன ஆடியில் எண்ணெய் காலில் கொட்டியது. பேஸ்ட்டோடு ஒருத்தர், தோசைமாவோடு ஒருத்தர், பழைய ஞாபகத்தில் இங்க் பாட்டில் தேடிக்கொண்டு ஒருத்தர். பெரியம்மா எல்லோரையும் விலக்கிவிட்டு, அக்காவைப் படியில் உட்காரவைத்து, தண்ணீர் ஊற்று என்றாள். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் என்பது விதி. எங்கள் தெருவில் தண்ணீர் ஓடாது, அதற்கு லாரி வர வேண்டும். குடத்திலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றினோம். ஐஸ் வேண்டாம் என்றாள். கொலுசை முதலில் கழற்று, வீங்கினால் வராது என்றாள். நாலு குடம் ஆனது. நாலாவது குடத்தில் அக்கா, "போதும் பெரியம்மா, குளுருது" என்றாள். கொப்புளத்தோடு போயிற்று, இப்போது நிறம் மட்டும் கொஞ்சம் வேறு.

ஒட்டுப் போட்ட தோலுக்கு வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இருக்காது. காய்ந்து வெடிக்கும். தினமும் எண்ணெய் தடவ வேண்டும், ஆயுசுக்கும். விலை கூடின கிரீமெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு நானும் தேங்காயெண்ணெய்க்கே வந்துவிட்டேன். டாக்டரும் அதையேதான் சொன்னார். பிளாப்பைச் சின்னதாக்கிவிடலாம், உள்ளே கொழுப்பைக் கொஞ்சம் எடுத்தால் செருப்பு நன்றாக உட்காரும் என்றும் சொன்னார். யோசிக்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா திண்ணையில் காலை நீட்டி உட்காருவாள். முழங்காலுக்குப் பின்னால் முதலில், அப்புறம் கீழே. தடவி முடித்துவிட்டு பாட்டிலை என் பக்கம் தள்ளுவாள். மார்கழியில் எண்ணெய் உறைந்துவிடும். வெந்நீர்ச் சொம்புக்குள் பாட்டிலை நிறுத்திவிட்டு, உருகுகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் தெருவில் போகிற கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.